வெற்றிகரமாக முடிந்த அறுவைச் சிகிச்சை

நகரத்தில் அவருக்குப் பதினோராயிரத்து நானூறு பேரைத் தெரியும். இது அவராகச் சொல்லிக்கொண்டதில்லை, அலுவலகத்தின் உறவுப் பதிவேடு சொன்னது. பத்திரிகை ஆசிரியர்கள், நீதிபதிகள், கல்லூரி முதல்வர்கள், சங்கத் தலைவர்கள், அந்தச் சங்கங்களில் சண்டை போட்டுக்கொண்டு வேறு சங்கம் ஆரம்பித்தவர்கள், அவர்களுடைய செயலாளர்கள், செயலாளர்களின் மைத்துனர்கள் என்று அகர வரிசையில் எல்லோரும் அதில் இருந்தார்கள். ஒரு பெரிய கட்டுமானக் குழுமத்தின் மக்கள் தொடர்புத் துறையில் அவர் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தார். எல்லோரும் 'தொடர்பு சார்' என்று கூப்பிட்டார்கள். வயதில் மூத்தவர்கள் வெறும் 'தொடர்பு' என்றார்கள்.

ஆரம்பத்தில் அவர் குழுமத்தின் விளம்பரங்களுக்குப் பிழை திருத்துபவராகத்தான் இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, குழுமம் கட்டிய வணிக வளாகம் ஒன்றின் மேற்கூரை இடிந்து விழுந்தது. கடைகள் மூடியிருந்ததால் யாருக்கும் அடிபடவில்லை. அன்றைக்கு அலுவலகத்தில் இருந்தது இவர் மட்டும்தான். பத்திரிகைக்காரர்கள் போன் மேல் போன் போட, வேறு வழி தெரியாமல் இரண்டு வரி எழுதிக் கொடுத்தார்: 'வளாகத்தின் மேற்பகுதியில் இருந்த சில அம்சங்கள் கீழ்ப்பகுதிக்கு இடம்பெயர்ந்துள்ளன. வாடிக்கையாளர்கள் இனி இயற்கை வெளிச்சத்திலேயே பொருள்களைப் பார்த்து வாங்கலாம்.' குழுமத்தின் நிறுவனர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, இதை எழுதியவன் எங்கே என்று கேட்டார். மறுநாளே அவருக்கு ஒன்பதாவது மாடியில் தனி அறை கிடைத்தது.

அதன் பிறகு துறையின் கையேட்டை அவர்தான் எழுதினார். அந்தக் கையேட்டின்படி எதுவும் இடியாது, இடம்பெயரும். எதற்கும் தாமதம் ஆகாது, பொறுமையான முன்னேற்றம் இருக்கும். விரிசல் என்ற சொல்லே கிடையாது, கோடு என்றுதான் சொல்ல வேண்டும். 'வருந்துகிறோம்' என்று எழுதுவதற்குச் சட்டப்பிரிவின் முன் அனுமதி வேண்டும். அந்த அனுமதி யாருக்கும் இதுவரை கிடைத்ததில்லை.

உறவுப் பதிவேட்டில் இருந்தவர்கள் நான்கு தரமாகப் பிரிக்கப்பட்டிருந்தார்கள். முதல் தரத்து ஆள் படுத்துவிட்டால் நேரில் போய்ப் பார்த்து, பூங்கொத்து கொடுத்து, படம் எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டாம் தரத்துக்குப் பூங்கொத்து மட்டும். மூன்றாம் தரத்துக்கு வாழ்த்து அட்டை. நான்காம் தரத்துக்குக் கம்ப்யூட்டரே செய்தி அனுப்பிவிடும். இந்த வேலைகளில் தொடர்பு சார் முப்பத்தோரு வருடத்தில் ஒரு ஆஸ்பத்திரியையும் விட்டுவைக்கவில்லை. எந்த ஆஸ்பத்திரியில் எந்த லிப்ட் சீக்கிரம் வரும் என்பதுகூட அவருக்குத் தெரியும்.

வீடு குழுமம் கட்டிய குடியிருப்பிலேயே ஆறாவது மாடி. முன்னறைச் சுவர் முழுக்கப் பெரிய மனிதர்களுடன் எடுத்துக்கொண்ட படங்கள். எல்லாப் படத்திலும் அவர் ஓரத்தில் இருப்பார். பாதிப் படங்களில் அவருடைய தோள் மட்டும் இருக்கும். அந்தச் சுவருக்கு எதிரே உட்கார்ந்துதான் தினமும் தனியாகச் சாப்பிட்டார்.

மனைவி பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக் கொடுத்தவர். குழந்தை இல்லை. பத்தொன்பது வருடம் கூட வாழ்ந்துவிட்டு, ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் நிதானமாகச் சொன்னார்: "உங்ககிட்ட ஒரு விஷயம் சொன்னா நீங்க அதைக் கேக்கறதில்லை. வரவேற்கறீங்க. என்னால இனிமே முடியாது." அவருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. தெரியாததால், தெரிந்ததைச் செய்தார். 'இருவரும் பரஸ்பர மரியாதையுடனும் எதிர்காலம் குறித்த நம்பிக்கையுடனும்' என்று தொடங்கும் கூட்டறிக்கை ஒன்றை எழுதி மனைவியின் ஒப்புதலுக்குக் கொடுத்தார். மனைவி அதில் ஒரு காற்புள்ளியைத் திருத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பிறகு மாற்றல் வாங்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். அதற்கு இப்போது பதினொரு வருடம் ஆகிறது.

ஐம்பத்தேழாவது வயதில் அவருக்கு வலது விலாவுக்குக் கீழே வலி வந்தது. பித்தப்பையில் கல் என்றார் டாக்டர். பித்தப்பையை எடுத்துவிட வேண்டும், சின்ன ஆபரேஷன்தான், ரொம்ப நாள் தள்ளிப்போடக் கூடாது என்று சொல்லி ஒரு படிவத்தைக் கொடுத்தார். படிவத்தில் எல்லாவற்றையும் அவரால் எழுத முடிந்தது. கடைசியில் 'உடன் இருப்பவர்' என்று ஒரு கட்டம் இருந்தது. மயக்க மருந்து கொடுக்கும் நேரத்திலிருந்து மறுநாள் வரை ஒருவர் கூடவே இருக்க வேண்டும், அவர் கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் ஆபரேஷன் கிடையாது.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் விடுப்புக் கேட்டபோது இதையும் சொன்னார். துறையிலிருந்து யாராவது ஒரு நாள் கூட இருக்க முடியுமா என்று கேட்டார். முப்பத்தோரு வருடத்தில் தனக்கென்று அவர் கேட்ட முதல் உதவி அது. கேட்டுவிட்டு மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

துறைத் தலைவர் அவரைவிடப் பதின்மூன்று வயது சின்னவர். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு இருந்துவிட்டுப் பேசினார்.

"சார், இது உங்க வலி மட்டும் இல்ல. இது நம்ம துறையோட வலி. ஒரு வலி வந்தா அதை வீணாக்கக் கூடாதுன்னு நீங்கதானே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தீங்க."

அந்த இடத்திலேயே ஏழு பேர் கொண்ட குழு அமைக்கப்பட்டது. திட்டத்துக்கு 'மனிதம் எங்கள் அஸ்திவாரம்' என்று பெயர் வைத்தார்கள். ஊழியர் ஒருவர் உடல்நலம் குன்றும்போது குழுமம் எப்படித் துடித்துப்போகிறது என்பதை நகரம் பார்க்க வேண்டும் என்று முடிவாயிற்று. துடிப்பதற்குக் காலை பத்திலிருந்து பதினொன்றரை வரை நேரம் ஒதுக்கினார்கள்.

கையெழுத்து விஷயத்தில் மட்டும் சட்டப்பிரிவு அதிகாரி குறுக்கிட்டார். அவர் எதையும் விரல்விட்டுத்தான் சொல்வார். படுக்கைக்குப் பக்கத்தில் நிற்கலாம். பூங்கொத்து கொடுக்கலாம். நெற்றியில் கை வைக்கலாம், உள்ளங்கை மட்டும். "கையெழுத்து மட்டும் கூடாது. போட்டா நாம பொறுப்பாளி ஆயிடுவோம். யாருக்கும் எதுக்கும் நாம பொறுப்பாளி ஆனதில்ல. இவருக்காக அந்த வழக்கத்தை மாத்தினா, நாளைக்கு வீடு வாங்கினவங்களும் கேப்பாங்க."

தொடர்பு சார் வீட்டுக்குப் போய் அலுவலகப் போனில் இருந்த உறவுப் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு மூன்று நாள் போன் செய்தார். முதல் தரத்திலிருந்து ஆரம்பித்தார். ஒரு நாளிதழின் ஆசிரியர், உங்களுக்கில்லாததா என்று சொல்லிவிட்டு, தன் உதவியாளரிடம் பேசச் சொன்னார். உதவியாளர், விவரங்களை மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னார். ஓய்வுபெற்ற நீதிபதி நெகிழ்ந்துபோய்ப் பத்து நிமிடம் தன்னுடைய மூட்டுவலியைப் பற்றிப் பேசினார். ஒரு சங்கத் தலைவர், கண்டிப்பாக வருகிறேன், மைக் உண்டா என்று கேட்டார். நான்காம் நாள் ஒரு கடிதம் வந்தது. 'தாங்கள் விரைவில் பூரண நலம் பெற்று, சமுதாயத்துக்குத் தங்கள் சேவையைத் தொடர வேண்டும் என்பதே எங்கள் அவா.' நல்ல நடை, எங்கேயோ படித்த மாதிரி இருந்தது. இருபது வருடத்துக்கு முன் ஒரு கல்லூரிக்காக அவரே எழுதிக் கொடுத்த மாதிரிக் கடிதம் அது.

அந்த நாள் வந்தது. ஆஸ்பத்திரியில் நல்ல வெளிச்சமுள்ள ஓர் அறையைப் படம் எடுப்பதற்காகக் குழு முன்கூட்டியே கேட்டு வாங்கியிருந்தது. பத்து மணிக்குத் தொடங்கி முப்பத்தெட்டுப் பேர் வந்தார்கள். ஒவ்வொருவரும் அவர் நெற்றியில் உள்ளங்கையை வைத்தார்கள். புகைப்படக்காரர் அவரைக் கொஞ்சம் சோர்வாக இருக்கச் சொன்னார். பிறகு அவ்வளவு வேண்டாம், நம்பிக்கையும் தெரியணும் என்றார். துறைத் தலைவர் படுக்கையின் விளிம்பில் உட்கார்ந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டு, கேமராவைப் பார்த்துச் சிரிக்காமல் இருந்தார். அதை நான்கு தடவை எடுத்தார்கள். பதினொன்றரைக்கு எல்லோரும் கீழே விருந்தினர் கூடத்துக்குச் சாப்பிடப் போனார்கள்.

ஒரு மணிக்கு நர்ஸ் வந்து படிவத்தைப் புரட்டினார்.

"கூட யாரு இருக்காங்க?"

"இப்ப வரைக்கும் யாரும் இல்லை."

நர்ஸ் ஜன்னல் மேடையில் குவிந்திருந்த பூங்கொத்துகளைப் பார்த்தார். "இவ்வளவு பேர் வந்தாங்களே சார்?"

"வந்தாங்க," என்றார் அவர்.

நர்ஸ் இரண்டு மணி வரை காத்திருந்தார். கீழே விருந்தினர் கூடத்துக்கும் ஆள் அனுப்பிப் பார்த்தார். கூடம் காலியாகியிருந்தது. அந்த நேரத்துக்கு வேறொருவரை ஆபரேஷன் அறைக்குக் கூட்டிப் போனார்கள். தொடர்பு சார் பூங்கொத்துகளை வார்டுக்குக் கொடுத்துவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு, பித்தப்பையோடு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தார்.

மறுநாள் காலை நாளிதழ்களில் அவருடைய ஆபரேஷன் வெற்றிகரமாக முடிந்திருந்தது. படம் மூன்று பத்தி அகலத்துக்கு இருந்தது. 'குழுமத்தின் அன்பில் நனைந்தேன்' என்று அவர் கூறியதாகவும் போட்டிருந்தார்கள். இரண்டு தடவை படித்துப் பார்த்தார். பிழை எதுவும் இல்லை. துறைத் தலைவருக்குப் போன் செய்து, ஆபரேஷன் நடக்கவில்லை என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

துறைத் தலைவர் பொறுமையாக விளக்கினார். அறிக்கை முந்தின நாளே தயாராகிவிட்டது, மாலையில் வெளியாகிவிட்டது. "இப்ப போய் நடக்கலைன்னு சொன்னா நம்ம நம்பகத்தன்மை என்ன ஆகும், நீங்களே சொல்லுங்க."

"வலிக்குதுங்க."

"புரியுது சார். ஆனா இன்னொண்ணையும் யோசிங்க. இனிமே நீங்க ஆபரேஷன் பண்ணிக்கிட்டாக்கூட, அது ரெண்டாவது ஆபரேஷனா ஆயிடும். முதல்ல பண்ணதுல என்ன கோளாறுன்னு அந்த ஆஸ்பத்திரியைக் கேப்பாங்க. அவங்க நமக்கு முதல் தரம்."

மூன்று வாரம் வீட்டில் ஓய்வெடுங்கள், வெளியே தலை காட்ட வேண்டாம், குணமாகிக்கொண்டிருக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டுத் துறைத் தலைவர் போனை வைத்தார். அன்று மதியம் உறவுப் பதிவேட்டின் கம்ப்யூட்டரிலிருந்து தொடர்பு சாருக்கு ஒரு செய்தி வந்தது. 'மதிப்புக்குரிய நண்பரே, தங்கள் நலன் எங்கள் நினைவில் உள்ளது.' விடுப்பில் இருப்பதால் அவரை நான்காம் தரத்துக்கு மாற்றியிருந்தார்கள்.

அவர் வீட்டில் இருந்தார். யாரும் போன் செய்யவில்லை. குணமாகிவிட்டவரிடம் என்ன விசாரிப்பது? வலி வரும்போது முழங்காலை மடக்கிக்கொண்டு சோபாவில் ஒருக்களித்துப் படுப்பார். அப்படிப் படுத்தால் எதிர்ச்சுவரின் கீழ்வரிசைப் படங்கள் மட்டும் தெரியும். ஒரு மத்தியானம் அவற்றில் இருந்தவர்களை எண்ணினார். அறுபத்திரண்டு பேர். அவர்களில் யாருக்காவது தன் வீடு எந்த மாடி என்று தெரியுமா என்று யோசித்துப் பார்த்தார். மனைவிக்குப் போன் செய்யலாமா என்று ஒரு தடவை எண்ணை அழுத்தினார், மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டார். ஐந்தாவது நாள், வெறுமனே குரல் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, "வணக்கம், மக்கள் தொடர்புத் துறை" என்று அறைக்குள் சொல்லிப் பார்த்தார்.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குப் போன் அடித்தது.

ஒவ்வொரு மாதமும் முதல் செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு ஒரு தையல்காரம்மா அவருக்குப் போன் செய்வார். ஐந்து வருடமாக நடப்பது இது. குழுமம் அந்தம்மாவின் வீட்டை ஒட்டி இருபத்திரண்டு மாடிக் கட்டடம் ஒன்று கட்டியது. அதற்கு அஸ்திவாரம் தோண்டியபோது தையல்காரம்மாவின் முன்னறைச் சுவர் மேலிருந்து கீழாக விரிந்துவிட்டது. அந்த முன்னறைதான் அவருடைய கடை. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் புகார்களைத் துறையிலேயே மூத்தவர்தான் கையாள வேண்டும் என்று கையேட்டில் விதி இருந்ததால், போன் இவருக்கு வரும். அந்தம்மா மிஷினை மிதித்துக்கொண்டேதான் பேசுவார். இந்த மாதம் விரிசல் சுவிட்ச் போர்டைத் தாண்டிவிட்டது என்பார். தங்கள் சுவரில் உள்ள கோடு எங்கள் கவனத்தில் இருக்கிறது என்று இவர் சொல்வார். கோடு இல்லப்பா, கையே உள்ள போகுது என்பார் அந்தம்மா. பிறகு, சாப்பிட்டாயா என்று கேட்பார். இவர் சாப்பிட்டதைச் சொல்வார். சில மாதங்களில் அது அரை மணி நேரம்கூட நீளும். கோப்பில் மட்டும் 'புகார்தாரருடன் ஆக்கபூர்வமான உரையாடல்' என்று எழுதி வைப்பார்.

அன்றைக்கும் மிஷின் சத்தம் கேட்டது. "ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதாமே தம்பி? பேப்பர்ல பார்த்தேன். தலைமாட்டுல ஒரே கூட்டம்."

'தங்கள் அன்பான விசாரிப்புக்கு' என்று தொடங்கினார். மேலே வரவில்லை.

"நடக்கலம்மா," என்றார்.

"என்ன நடக்கல?"

"ஆபரேஷன். கூட இருக்க ஆள் வேணும்னாங்க. ஆள் இல்லை."

மிஷின் சத்தம் நின்றது. அந்தம்மா ஐயோ பாவம் என்று சொல்லவில்லை. எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டார், எந்தப் பஸ் போகும் என்று கேட்டார். வியாழக்கிழமை வரைக்கும் கைவேலை இருக்கிறது, வெள்ளிக்கிழமை என்றால் வருகிறேன் என்றார்.

வெள்ளிக்கிழமை காலை ஆஸ்பத்திரி வாசலில் இருவரும் முதன்முதலாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இவர் கற்பனை செய்திருந்ததைவிட அந்தம்மா குள்ளம். கையில் பெரிய துணிப்பை. இவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சட்டை தோளில் தொங்குது, யார் தைத்தது என்றார்.

பதிவு மேசையில் இருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி, நோயாளிக்கு என்ன உறவு என்று கேட்டார். அப்பா, அம்மா, கணவன், மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தவர் என்று வாசித்தார்.

"இவங்க கம்பெனி மேல நான் புகார் கொடுத்திருக்கேன்," என்றார் தையல்காரம்மா.

"அந்த மாதிரி இதுல இல்லையேம்மா."

"வேற என்ன இருக்கு?"

"'மற்றவை'ன்னு ஒண்ணு இருக்கு."

"அதைப் போடு," என்று சொல்லிவிட்டுத் தையல்காரம்மா கையெழுத்துப் போட்டார்.

ஆபரேஷன் நடந்தது. எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. மயக்கம் தெளிந்தபோது தையல்காரம்மா ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு சட்டைகளுக்குக் காஜா போட்டுக்கொண்டிருந்தார். இவர் கண் திறந்ததைப் பார்த்துத் தண்ணீரில் பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தார். இவர் கண்ணின் ஓரம் நனைந்தது. மயக்க மருந்தால் இருக்கலாம்.

மாலையில் தொடர்பு சார் நன்றி சொல்ல முயன்றார். அந்தம்மா கையை உயர்த்தினார்.

"நான் சும்மா வரல தம்பி. அஞ்சு வருஷமா லெட்டர் போடறீங்க, ஒண்ணுலயும் ஒண்ணும் இல்ல. நகராட்சி இன்ஜினியர்கிட்ட போனா, கம்பெனி என்ன சொல்லுதுன்னு கேக்கறான். செவுரு உங்களாலதான் விரிஞ்சதுன்னு எழுதிக் கொடு. அதுக்குத்தான் வந்தேன்."

கொஞ்சம் பொறுத்து, "அதுக்கும்தான் வந்தேன்," என்றார்.

தொடர்பு சார் மறுநாள் காலை படுக்கையில் சாய்ந்து உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். எழுதினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். வீட்டுக்குப் போய் எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தம்மா போய்விடுவார் என்று தோன்றியது.

முதலில் எழுதியது: 'தங்கள் இல்லச் சுவரில் கோடு ஒன்று காணப்படுவதாகத் தெரிவிக்கப்பட்டுள்ளது.' வாசித்துக் காட்டினார்.

"யாரு தெரிவிச்சா?"

"நீங்கதான்."

"யாரு கட்டடம் கட்டினா?"

"நாங்கதான்."

"ரெண்டு பேருமே அதுல இல்லையே."

அடுத்தது: 'கட்டுமானப் பணிகள் நடைபெற்ற காலத்தில் விரிசல் ஏற்பட்டிருக்கக்கூடும்.' விரிசல் என்ற சொல்லை எழுதியதிலேயே அவருக்கு வியர்த்திருந்தது. தையல்காரம்மா ஊசியை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "நான் ஒருத்தருக்குச் சட்டை தைச்சுக் கொடுத்துட்டு, இதுல கை ரெண்டும் இருக்கக்கூடும்னு சொன்னா வாங்கிட்டுப் போவாங்களா? பிரிச்சுட்டு மறுபடி எழுது."

ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. கடைசியில் நின்றது இவ்வளவுதான்: 'நாங்கள் உங்கள் வீட்டை ஒட்டி இருபத்திரண்டு மாடி கட்டினோம். அஸ்திவாரம் தோண்டியபோது உங்கள் சுவர் விரிந்தது. எங்களால்தான் விரிந்தது. வருந்துகிறேன்.' கீழே தேதியும் ஆஸ்பத்திரியின் பெயரும் எழுதி, தன் பதவியையும் போட்டுக் கையெழுத்திட்டார். தையல்காரம்மா அதை மடித்துத் துணிப்பையில், தைத்த சட்டைகளுக்கு நடுவில் கசங்காமல் வைத்தார். மதியம் இவரை வீட்டில் விட்டுவிட்டு, கதவை உள்ளே தாழ்போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார்.

கடிதம் நகராட்சிக்குப் போய், அங்கிருந்து அதன் நகல் குழுமத்துக்கு வந்தது. விசாரணைக் கூட்டம் ஒன்பதாவது மாடியில் நடந்தது. தொடர்பு சார் வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துறைத் தலைவருக்குக் கோபம் இல்லை, மனவேதனைதான் இருந்தது.

"லெட்டர்ல இருக்கிறது உண்மையா பொய்யாங்கிறது இங்க பிரச்சினையே இல்ல. உண்மைன்னு எல்லாருக்கும் தெரியும். அது உண்மைன்னு நமக்கும் தெரியும்னு வெளியில தெரிஞ்சுபோச்சு பாருங்க, அதுதான் பிரச்சினை."

சட்டப்பிரிவு அதிகாரி விரல்விட்டார். பத்திரிகை அறிக்கையின்படி இவர் ஆபரேஷன் முடிந்து இருபத்தொன்பதாம் தேதியே வீடு திரும்பிவிட்டார். கடிதத்தில் இருப்பது அதற்கு அடுத்த மாதம் பதினோராம் தேதி, ஆஸ்பத்திரியிலிருந்து. குணமாகி வீட்டிலிருக்கும் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு கடிதம் எழுத முடியாது. ஆகவே இந்தக் கடிதம் எழுதப்படவில்லை.

"நான்தான் எழுதினேன்," என்றார் தொடர்பு சார்.

"உங்க தனிப்பட்ட கருத்தை மதிக்கிறோம்," என்றார் சட்டப்பிரிவு அதிகாரி.

அவர் விருப்ப ஓய்வு பெறுவதாக முடிவாயிற்று. அறிக்கை மேசை மேல் தயாராக இருந்தது. 'தம் குடும்பத்தினருடன் அதிக நேரத்தைச் செலவிட விரும்புவதால்' என்ற வரியில் அவர் விரலை வைத்தார்.

"எந்தக் குடும்பம்?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை.

துறைத் தலைவர் முதல் தடவையாகச் சங்கடப்பட்டார். "அது வழக்கமா போடறது சார். நீங்க எழுதி வச்சதுதான்."

அலுவலகப் போனைத் திருப்பிக் கொடுத்தார். பதினோராயிரத்து நானூறு பேரும் அதில்தான் இருந்தார்கள். லிப்டில் கீழே இறங்கும்போது அவர் மனப்பாடமாகத் தெரிந்த எண்களை நினைத்துப் பார்த்தார். தன்னுடைய பழைய வீட்டு எண்ணும், துறையின் எண்ணும், மனைவியின் எண்ணும்தான் நினைவுக்கு வந்தன.

எழுதப்படாத கடிதத்துக்கு நகராட்சியில் வரவு முத்திரை குத்தியாகிவிட்டது. ஆகவே இன்ஜினியர் வந்து சுவரை அளந்தார். விஷயம் பெரிதாவதற்குள் குழுமம் 'அண்டை வீட்டு நேசம்' என்ற திட்டத்தை அறிவித்து, நான்கே நாளில் சுவரை இடித்துப் புதிதாகக் கட்டிக் கொடுத்தது. திறப்பு விழாவும் நடந்தது. ஒரு சுவரை எப்படித் திறப்பது என்று தெரியாததால் அதற்கு முன்னால் ஒரு திரையைக் கட்டி விலக்கினார்கள். துறைத் தலைவரின் பேச்சைத் தொடர்பு சார் நாளிதழில் படித்தார். 'இந்தச் சுவருக்கும் எங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. சம்பந்தமே இல்லாத ஒரு சுவருக்காக இவ்வளவு அவசரப்பட்டோம் என்றால், சம்பந்தம் இருந்திருந்தால் எவ்வளவு நிதானமாகச் செய்திருப்போம் என்று எண்ணிப் பாருங்கள்' என்று அவர் பேசியிருந்தார். கைதட்டல் என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தார்கள்.

தொடர்பு சாருக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைச் சொல்ல ஆள் தேடினார். அடுத்த மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை வந்துவிட்டுப் போயிற்று. வாங்கியிருந்த புதுப் போன் மேசை மேல் கிடந்தது. சுவர் நன்றாக இருக்கும்போது தையல்காரம்மா எதற்குப் போன் செய்யப்போகிறார்? செய்தாலும் அது ஒன்பதாவது மாடியில் வேறு யாருக்கோதான் போகும். அந்தம்மாவின் எண்ணும் இவரிடம் இல்லை, அது கோப்பில் இருந்தது. ஐந்து வருடத்தில் அறுபது கடிதங்களில் எழுதிய விலாசம் மட்டும் கைக்குத் தெரிந்திருந்தது.

ஒரு புதன்கிழமை பஸ் பிடித்துப் போனார். இருபத்திரண்டு மாடியின் நிழல் தெரு முழுக்க விழுந்திருந்தது. அதன் கீழே சின்ன வீடு, முன்னறையில் மிஷின், புது வெள்ளையடித்த சுவர். சுவரில் குழுமம் பதித்திருந்த நன்கொடைக் கல்லுக்கு மேலே ஆணி அடித்து, அது மறையும்படி அந்தம்மா துணி வெட்டும் மாதிரிக் காகிதங்களை மாட்டியிருந்தார்.

தையல்காரம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "என்ன, தைக்கணுமா?"

"இல்ல."

"கம்பெனியில அனுப்பினாங்களா?"

"இல்லம்மா. வேலையை விட்டுட்டேன். சும்மா வந்தேன்."

"சும்மாவா," என்று அந்தம்மா ஒரு முறை சொல்லிப் பார்த்தார். பள்ளிக்கூடச் சீருடை இருநூறு இருக்கிறது, பேச நேரமில்லை என்றார். காலால் ஒரு முக்காலியை இவர் பக்கம் தள்ளினார். இவர் உட்கார்ந்தார். மிஷின் ஓடியது. வயிறு எப்படி இருக்கிறது என்று நடுவில் ஒரு தடவை கேட்டார். இவர் சொன்ன பதில் மிஷின் சத்தத்தில் கேட்டதா என்று தெரியவில்லை. ஒரு மணி வரை இருந்துவிட்டு எழுந்தபோது அந்தம்மா தலை நிமிராமலே, கண்ணாடி கொண்டுவந்தால் பட்டன் தைக்கலாம், இங்கே கைவேலைக்கு ஆள் பற்றவில்லை என்றார்.

"நாளைக்கு வர்றேன்," என்றார் இவர்.

தையல்காரம்மா நூலைப் பல்லால் அறுத்தார். "வர்றேன்னு சொல்லாத. வந்தா வா."

மறுநாள் காலையிலிருந்து நல்ல மழை. இவர் போனபோது கதவு பூட்டியிருந்தது. அந்தம்மா எங்கே போயிருக்கிறார் என்று கேட்கத் தெருவில் ஆள் இல்லை. கண்ணாடியைச் சட்டைப்பைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு, கூரைச் சரிவுக்குக் கீழே சுவரை ஒட்டி, மழை விடும் வரைக்கும் நின்றார். அவர் வந்ததையும் நின்றதையும் யாரும் பார்க்கவில்லை, படமும் எடுக்கவில்லை.

அதற்கு மறுநாளும் போனார்.